அண்ணன் அனுப்பிய விண்ணப்பம்

1

பெயரைப் பார்த்ததும் முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். தேவராஜ் என்ற பெயரில் கர்நாடகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அடுத்த வரியில் பிறந்த ஊர் கோலார் தங்கவயல் என்று இருந்தது. அதற்கும் கீழே பிறந்த தேதி. என் அண்ணனின் பிறந்த தேதி.

நான் இருப்பது சுவீடனின் வடக்கே, கடலோரத்தில், ஒரு சிறிய பல்கலைக்கழக ஊர். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்வது காலேஜில் சீட்டு வாங்குவது மாதிரி அல்ல. அது ஒரு வேலை. சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு. ஒரு பேராசிரியருக்கு ஒரு திட்டம் கிடைத்தால் "இன்ன விஷயத்துக்கு ஒரே ஓர் ஆள் தேவை" என்று பல்கலைக்கழகத் தளத்தில் விளம்பரம் போடுவார். கடைசித் தேதிக்குள் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பிப்பார்கள். அதில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும்.

சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் துறையில் அப்படி ஓர் இடம் வந்தது. பழைய சுரங்கங்களின் கழிவு மேடுகளிலிருந்து காற்றில் கிளம்பும் தூசியைப் பற்றிய ஆராய்ச்சி. திட்டத்துக்குத் தலைவர் கரின். நானும் அவரிடம்தான் முனைவர் பட்டம் முடித்தேன், இப்போதும் அவர் குழுவில்தான் வேலை. இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் நான் "மேடம்" என்று கூப்பிட, அவர் ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பி யாரோ நிற்கிறார்களா என்று பார்ப்பார். முதல் சுற்றில் விண்ணப்பங்களை வடிகட்ட என்னையும் அவர் சேர்த்திருந்தார்.

நான் பட்டியலில் பார்த்ததோடு சரி, கோப்பைத் திறக்கவில்லை. திறந்தால் படித்துவிடுவேன். எழுந்து கரினின் அறைக்குப் போனேன்.

2

தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் என்ற பகுதியில் லைன் வீடு எங்களுடையது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி ஷாஃப்ட்டுக்குள் போனால் ஷிப்ட் முடிந்துதான் வெளியே வருவார். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அதன் பிறகு அப்பா, அண்ணன், நான், மூன்று பேர்தான். அண்ணன் என்னைவிட ஏழு வயது பெரியவன். எனக்கு ரெட்டை ஜடை பின்னிவிட அவன்தான் கற்றுக்கொண்டான். ஒன்று மேலே இருக்கும், ஒன்று கீழே இருக்கும்.

சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவின் வேலை நின்றது, இருமல் நிற்கவில்லை. உள்ளே பல வருஷம் சுவாசித்த கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். வெளியே வேறு தூசி. சயனைடில் கரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் எங்கள் ஊரில் குன்று குன்றாக நிற்கிறது. அதைச் சயனைடு மேடு என்போம். காற்றுக்காலத்தில் அது எழுந்து வந்து சோற்றுத் தட்டில் விழும்.

அண்ணனுக்கு அந்தத் தூசிமேல்தான் பைத்தியம். பெங்களூரில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது அதை எடுத்துத்தான் தன் ஆய்வறிக்கையை எழுதினான். முடித்ததும் வட இந்தியாவில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. தெருவே வந்து கை குலுக்கியது. அப்பா சட்டை போட்டுக்கொண்டு போய் எல்லாருக்கும் லட்டு வாங்கி வந்தார்.

அந்த மாதமே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. திரும்பி வந்தபோது, படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியேதான் தூங்க முடியும் என்ற நிலை. யாராவது பக்கத்தில் இருந்தாக வேண்டும். நான் அப்போது பி.யூ.சி.

"நீ போடா. சுமதி பாத்துக்கும்," என்றார் அப்பா.

"அவ படிக்கட்டும்ப்பா. நான் அடுத்த வருஷம் போறேன். அதுக்கு இன்னா அவசரம்?"

அடுத்த வருஷம் அவன் போகவில்லை. பெங்களூரில், தண்ணீரும் மண்ணும் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். விடிவதற்கு முன் ரயிலைப் பிடித்துப் போய், இருட்டிய பிறகு திரும்பி வருவான். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

3

நானும் அதே பெங்களூரில் எம்.எஸ்ஸி. முடித்தேன். வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னதே அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு இருவரும் போவோம். மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள், ஜாதகம் பார்ப்பார்கள். நாங்கள் ஐரோப்பாவில் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியர் எதைச் செய்கிறார் என்று பார்ப்போம்.

நான் முதலில் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அவன் சிரித்தான்.

"இன்னா இது? 'மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் சேர மிகவும் ஆவலாக இருக்கிறேன்.' இந்த மாதிரி அவங்க தினம் பாத்துக்கினுதான் இருப்பாங்க. அந்தம்மா இன்னா வேலை பண்றாங்கன்னு படிச்சியா நீ?"

"தலைப்பப் படிச்சேண்ணா."

"தலைப்புக்கா உனக்கு வேலை குடுப்பாங்க? உள்ள படி. எங்க உனக்குச் சந்தேகம் வருதோ, அத எழுது. புகழ்ந்தா பதில் வராது. கேட்டா வரும்."

அந்தம்மா என்று அவன் சொன்னது கரினைத்தான். அவருடைய கட்டுரைகளை நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். உண்மையைச் சொன்னால், அவன் படித்து எனக்குச் சொன்னான். வரைபடங்களைப் பார்த்துக்கொண்டே, "இதே நம்ம ஊர் மேட்டுல செஞ்சா இன்னா வரும் தெரியுமா?" என்பான். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்துவிடும்.

பல இடங்களிலிருந்து பதில் வரவில்லை. சில இடங்களிலிருந்து வருத்தம் தெரிவித்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்தது," என்பான். கரினிடமிருந்து வந்தது இரண்டே வரி. "உங்கள் கேள்வி நல்ல கேள்வி. வசந்தத்தில் ஓர் இடம் அறிவிக்கிறேன், விண்ணப்பியுங்கள்."

இடம் கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நான் பிறந்தது சுரங்க ஆஸ்பத்திரியில். கோலாரில் ஓர் அலுவலகத்துக்கு அப்பாவே என்னைக் கூட்டிப்போனார், வீட்டில் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்து. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பழைய ரெக்கார்ட் எல்லிந்த தரோது? நாளெ பன்னி," என்றார். கன்னடத்தில், எங்கிருந்து கொண்டுவருவது, நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம். மறுநாளும் "நாளெ பன்னி". வெளியே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா சொன்னார், "இந்தாளுக்கு நாளைக்கும் நாமதான் பன்னியா?" இருவரும் அங்கேயே சிரித்தோம். சிரிப்பு அவருக்கு இருமலாக மாறி நிற்க வெகுநேரம் ஆனது.

4

வந்து பல வருஷங்கள் ஓடிவிட்டன. பட்டம் வாங்கினேன். இந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டேன். மகள் நிலாவுக்கு இப்போது ஒன்பது வயது. அவளுக்குத் தமிழ் புரியும், பேசினால் பாதியில் சுவீடிஷ் வந்துவிடும். இங்கே தாய்மாமனுக்கென்று தனி வார்த்தை இருக்கிறது, "மூர்புரூர்". அம்மாவின் சகோதரன் என்று பொருள். ஒருநாள் போனில் அவள் அண்ணனை அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். நான் திருத்தப் போனேன். அவனுக்கு அது பிடித்துவிட்டது.

"இங்கிலீஷ்காரன் எல்லாரையும் அங்கிள்னுட்டான். உங்க ஊர்க்காரனுக்கு மாமன் யாருன்னு தெரிஞ்சிருக்குதே," என்றான்.

அண்ணனுக்கும் கல்யாணம் ஆனது. அண்ணி சாந்தி, ஊரிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அப்பாவை இருவரும்தான் பார்த்துக்கொண்டார்கள். நான் கோடை விடுமுறையில் போவேன். ஒவ்வொரு முறையும் அப்பா கொஞ்சம் சிறியவராகத் தெரிவார்.

கடைசியாகப் போனபோது அண்ணன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பேச்சு இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாகத்தான் வந்தது.

"அவன் படிப்ப நான் தின்னுட்டேன்மா."

"அப்படிலாம் பேசாதப்பா."

"நான் சீக்கிரம் போயிருந்தா அவன் போயிருப்பான். இந்த உசுரு இன்னாத்துக்கு இவ்ளோ நாளு இழுத்துக்கினு இருக்குது?"

நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. அந்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். நான் விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது இரண்டு வருஷம் ஆகிறது.

அப்பா போனபின் அண்ணன் என்ன செய்வான் என்று நான் யோசிக்கவே இல்லை. ரயிலும் ஆய்வகமும் வீடும்தான் அவன் வாழ்க்கை என்று எனக்குள் முடிவாகிப் போயிருந்தது. நாற்பதைத் தாண்டியவன் மறுபடி கட்டுரைகளைப் படிக்க ஆரம்பிப்பான், விளம்பரங்களைத் தேடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

5

கரினிடம், "ஒரு விண்ணப்பம் என் அண்ணனுடையது," என்றேன். அவர் உடனே அந்த வார்த்தையைச் சொன்னார். "யேவ்." தேர்ந்தெடுப்பவருக்கும் விண்ணப்பித்தவருக்கும் உறவு இருந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இங்கே ஒரே அசையில் ஒரு வார்த்தை. தமிழில் இதற்கு நேர் வார்த்தை இல்லை. "தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?" என்று முதலில் கேட்டுக்கொண்டே அலுவலகத்துக்குள் நுழைகிறவர்கள் நாம்.

"அவர் விண்ணப்பித்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லது. இனி நீங்கள் எதையும் படிக்க வேண்டாம். முடிவு வரும்வரை அவரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். அது அவருக்கும் நல்லது."

அவர் சொன்னது சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல அண்ணன் வீடியோவில் வந்தான். நிலாவின் பள்ளிக்கூடம், அண்ணியின் முழங்கால் வலி, ரயில் தாமதம், எல்லாவற்றையும் பேசினோம். அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், "அங்க இப்போ ரொம்பக் குளிரா? வயசானவங்க தாங்குவாங்களா?" என்று கேட்டான். "பழகிடும்ண்ணா," என்றேன். "சும்மாதான் கேட்டேன்," என்றான்.

இப்படிப் பல ஞாயிறுகள் போயின. வாழ்க்கையில் அவனிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அவனும் என்னிடம் மறைத்ததில்லை. இப்போது இருவரும் ஒரே விஷயத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு முகத்துக்கு முகம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

6

எங்கள் துறையில் கூட்ட அறைகளுக்குச் சுவர் கண்ணாடி. நவம்பர் மாத மத்தியானம் ஒன்றில், காப்பி எடுத்துக்கொண்டு நடைவழியில் வந்தேன். வெளியே அப்போதே வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. ஓர் அறையில் கரினும் இன்னும் மூன்று பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெரிய திரையில் என் அண்ணன்.

நின்றுவிட்டேன்.

அவன் தலைமுடி முழுக்கக் கறுப்பாக இருந்தது. முந்தின ஞாயிறு பார்த்தபோது காதோரம் எல்லாம் நரைத்திருந்தது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தான், தோளில் இறுக்கமாக இருந்தது. அவன் உட்கார்ந்திருந்தது எங்கள் முன்னறை. பின்னால் இருப்பது மாலை போட்ட அப்பாவின் படம் மாட்டிய சுவர். அதை மறைத்து ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தான். பார்க்கிறவர்களுக்கு வெறும் வெள்ளைச் சுவர் மாதிரி தெரியும். ஓரத்தில் மட்டும் பச்சைக்கரை கொஞ்சம் தெரிந்தது. அப்பாவின் வேட்டி அது.

சத்தம் வெளியே கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, தூசி எப்படிக் கிளம்புகிறது என்று இரண்டு கைகளாலும் காட்டினான். பிரவுசிங் சென்டரில் காட்டிய அதே கைகள். உள்ளே ஒருவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு கரின் ஏதோ கேட்டார். அண்ணனின் கைகள் இறங்கின. பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னான். படிப்பு முடித்தபின் இத்தனை வருஷ இடைவெளி ஏன் என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பார்கள்.

அதற்கு மேல் அங்கே நிற்பது சரியில்லை என்று என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கையிலிருந்த காப்பி ஆறிப் போயிருந்தது.

அந்த ஞாயிறு நிலா அவனைப் பார்த்ததும், "மாமா, உங்க முடி ஏன் பிளாக்?" என்றாள்.

"உங்க அத்தையோட சொந்தத்துல ஒரு கல்யாணம்டா கண்ணு. கிழவன் மாதிரி போனா நல்லாருக்குமா?" என்றான்.

அண்ணி அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் மாறவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

7

டிசம்பரில் முடிவானது. வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். அண்ணன் இரண்டாவது. முதல் ஆள் வேண்டாம் என்றால்தான் இரண்டாமவருக்குக் கிடைக்கும். அவள் வருவதாக உடனே எழுதிவிட்டாள். மற்றவர்களுக்குப் போகும் மின்னஞ்சலின் வாசகம் எனக்கு மனப்பாடம். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று தொடங்கும்.

சில நாள் கழித்து அண்ணி கூப்பிட்டாள்.

"சுமதி, உங்க அண்ணன் சரியா சாப்பிடறதில்ல. ட்ரெயினுக்குப் போறாரு, வர்றாரு, அவ்ளோதான். நீ ஒண்ணும் கேக்காத. சும்மா பேசு."

கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் ரயிலைப் பற்றிப் பேசினான். பிறகு அவனே நிறுத்தினான்.

"உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்ண்ணா."

"எப்பலேந்து?"

"மொத நாளே பேரப் பாத்தேன்."

"பாத்துட்டு இன்னா பண்ண?"

"சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்."

"அதான் சரி," என்றான். பிறகு, "நீ உள்ள இருந்திருந்தா கெடச்சிருக்குமா?" என்றான்.

"தெரியலண்ணா."

"இந்தக் கேள்வி எனக்கு வரக் கூடாதுன்னுதான் உங்கிட்ட சொல்லாம போட்டேன். தங்கச்சியால கெடச்சதுன்னு ஆயிடக் கூடாது பாரு. கடைசீல கேள்வி வந்துடுச்சி."

நான் அழுதேன். அவன் அதட்டவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

"திரும்பப் போடுண்ணா. ஒரே ஒரு பொண்ணு முன்னால, நீ ரெண்டாவதா வந்திருக்க. எத்தனை பேர்ல ரெண்டாவது! நார்வேல இருக்குது, ஜெர்மனீல இருக்குது. நான் தேடித் தரேன்."

"வேணாம்மா." அவன் குரல் அமைதியாக இருந்தது. "இத்தனை வருஷமா, அப்பாவாலதான் போவ முடியலன்னு மனசுக்குள்ள ஒண்ணு இருந்துச்சி. வெளிய சொன்னதில்ல. ஆனா ரயில்ல நின்னுக்கினே போவும்போது அத நெனச்சிப்பேன். நான் மட்டும் போயிருந்தா எங்கியோ இருப்பேன்னு. அதுல ஒரு ஆறுதல். இப்ப அப்பாவும் இல்ல, அந்த ஆறுதலும் இல்ல. கேட்டாங்க, பதில் சொன்னேன், என்னவிட நல்லா ஒருத்தி சொல்லியிருக்கா. அவ்ளோதான்."

ஊரை விட்டு வந்து, மொழி மாறி, குளிர் பழகி, நான் சேர்த்த எல்லாமும் அவன் எனக்குப் படித்துச் சொன்ன கட்டுரைகளில் தொடங்கியவை. அந்த வீட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும் என்று இருந்தது. அவன் என்னை அனுப்பினான்.

8

அந்த இடம் கிடைத்தவள் பிப்ரவரியில் வந்தாள். தென் அமெரிக்காவில், மலைமேல் ஒரு சுரங்க ஊர்க்காரி. இருபத்தைந்து வயது இருக்கும். என் அறைக்கு எதிர் அறை அவளுக்கு. முதல் வாரம் நான் அவளிடம் வணக்கத்தைத் தவிர எதுவும் பேசவில்லை. பனியில் நடக்கத் தெரியாமல் விழுந்து கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது மருந்து கொடுத்தேன். அப்போது அவளே சொன்னாள், அவளுடைய அப்பாவும் சுரங்கத்துக்குள் இறங்கியவர், இப்போது வீட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார், தம்பிதான் பார்த்துக்கொள்கிறான் என்று.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே பேசினேன். அவனே கேட்டான்.

"அந்தப் பொண்ணு வந்துட்டாளா?"

"வந்துட்டா."

"எந்த ஊரு?"

சொன்னேன். அவளுடைய அப்பாவைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் சொன்னேன். திரையில் அவன் தலையைத் தடவிக்கொண்டான். சாயம் போய் நரை வெளியே வந்திருந்தது.

"ஊட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு," என்றான். "தனியா வந்திருக்கும். மொகத்தத் திருப்பிக்கினு இருக்காத."

"சரிண்ணா."

"பேரு இன்னா?"

"ஹிமேனா."

"சிமேனா?"

"இல்லண்ணா. ஹி. ஹிமேனா."

அவன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு சத்தமாக, "ஹிமேனா," என்றான்.

சரியாக வந்தது.